பேண்டிட்: கேட் அடித்தால் திரை அப்படியே நிற்கிறது, அவசரம்

புதுமுகம்22: ஓவர்தவயர் தளத்தின் பேண்டிட் (லினக்ஸ் கட்டளைகளைக் கற்றுத்தரும் விளையாட்டு) விளையாடுகிறேன். ஃபைலில் இருப்பதைக் காட்டும் கேட் (cat) கட்டளையை அடித்தால் ஒன்றும் வரவில்லை, கர்சர் மட்டும் மினுக்குகிறது. மூன்று தடவை வெளியே போய் மறுபடி வந்துவிட்டேன். சர்வர் போய்விட்டதா?

கருப்புத்திரை: எந்த லெவல்? என்ன அடித்தீர்கள்? அப்படியே ஒட்டுங்கள்.

தயிர்சாதம்: சர்வருக்குள் நுழையும்போது போர்ட் எண் 2220 கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் வழக்கமான 22க்குப் போய்விடும்.

கருப்புத்திரை: உள்ளே போய்த்தானே கேட் அடித்திருக்கிறார்!

தயிர்சாதம்: பாதிப் பேருக்கு அதுதான் பிரச்சினை. சொல்லி வைத்தேன்.

புதுமுகம்22: மன்னிக்கவும், லெவல் 1. முதலில் ரீட்மீ என்ற ஃபைல் சுலபமாக வந்தது. இங்கே ஃபைல் பெயரே வெறும் - தான். மேற்கோள் குறிக்குள் போட்டும் பார்த்தேன்.

பழைய_பெங்குவின்: மேன் பக்கம் (கட்டளையின் கையேடு) படிக்கும் பழக்கமே ஒழிந்துவிட்டது. மேற்கோளை ஷெல் (நாம் அடிப்பதை வாங்கி ஓட்டும் நிரல்) உரித்துவிட்டுத்தான் கட்டளையிடம் கொடுக்கும், அது கூடவா தெரியாது? `கேட் -- -` என்று அடியுங்கள். -- வந்தால் அதற்குப் பின் ஆப்ஷன் கிடையாது. அவ்வளவுதான்.

செவ்வந்தி: அண்ணா, அடித்துப் பார்த்தீர்களா? அதுவும் அப்படியேதான் நிற்கும். -- உதவுவது ஹைஃபனில் தொடங்கும் நீளமான பெயர்களுக்கு. வெறும் - என்றால் கீபோர்டில் வருவதைப் படி என்று அர்த்தம். நீங்கள் சொன்ன மேன் பக்கத்திலேயே இருக்கிறது.

புதுமுகம், சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் டைப் செய்வதற்காகக் காத்திருக்கிறது. ஏதாவது அடித்து என்டர் தட்டுங்கள், அதையே திருப்பிச் சொல்லும். வெளியே வர கண்ட்ரோல்+சி போதும். இனி, ஃபைல் எந்த டைரக்டரியில் இருக்கிறது என்பதையும் பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

பழைய_பெங்குவின்: பொதுவான விதியைத்தான் சொன்னேன்.

தயிர்சாதம்: எதற்கு விடுகதை? `கேட் ./-` (./ என்றால் இப்போது இருக்கும் டைரக்டரி)

செவ்வந்தி: போச்சு. விளையாட்டே அவர் தானாகக் கண்டுபிடிக்கத்தானே? விடையைப் பொதுவில் போடாதீர்கள் என்று விளையாட்டை நடத்துபவர்களே கேட்டிருக்கிறார்கள்.

தயிர்சாதம்: ஃபைலுக்குள் இருக்கும் அடுத்த லெவல் பாஸ்வேர்டையா போட்டேன்? முதல் படியிலேயே வெறுத்து ஓடிவிட்டால் யாருக்கு லாபம்?

கருப்புத்திரை: `கேட் < -` கூட வேலை செய்யும். அங்கே ஃபைலைத் திறப்பது கேட் இல்லை, ஷெல்.

பழைய_பெங்குவின்: அதைத்தான் அடுத்து சொல்ல வந்தேன்.

புதுமுகம்22: < போட்டேன், வந்துவிட்டது! நன்றி. அடுத்த ஃபைல் பெயரில் ஸ்பேஸ் ஸ்பேஸாக இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

தயிர்சாதம்: அதற்கு
செவ்வந்தி: சொல்லாதீர்கள்!