கீதை 3:37, 7:11 – காமம் பற்றி ஓர் உதவி வேண்டும்

வணக்கம். கீதை 3:37 காமத்தைப் பகை என்கிறது. 7:11-இல் கண்ணனே, தர்மத்துக்கு முரணாகாத காமம் நான் என்கிறான். சங்கரர் தம் கீதை உரையில் இதை உடலைத் தாங்கும் உணவு, நீர் போன்றவற்றின் மேலுள்ள ஆசையாகச் சுருக்கிவிடுகிறார். உடலுறவு வேட்கை அதில் அடங்குமா?

பிருகதாரண்யக உபநிடதம் 4.3.21-இலோ, ஆன்மாவோடு ஒன்றுவதற்கு உவமையே அன்பு மனைவியின் தழுவல்தான்: உள்ளும் தெரியாது, புறமும் தெரியாது. அதே நூல் 4.4.7-இல், நெஞ்சில் தங்கிய ஆசையெல்லாம் விடுபட்டால்தான் அமுதநிலை. உவமையை விதியாக எடுத்துக்கொண்டுதான் பலர் சறுக்குகிறார்கள் ('தந்திரா' வகுப்பெடுப்பவர்கள் முக்கியமாக).

திருமந்திரம் மூன்றாம் தந்திரத்துப் (மூன்றாம் பகுதி) பரியங்க யோகம், அதாவது ஆண்-பெண் கூடலை யோகமாகச் சொல்லும் பாட்டுகள், நேர்ப்பொருளா, குண்டலினிக் (உடலுள் உறங்கும் ஆற்றல்) குறியீடா? பழைய உரை வைத்திருப்பவர்கள் பாட்டெண்ணோடு சொல்லுங்கள். 'ஆசையை அடக்கு' என்ற பொதுவான பதில் வேண்டாம்.