காவிரிக் கழிமுகத்தில் ஆற்றுத் துறைமுகம்: நெல் மூட்டைகளைப் படகில் அனுப்ப இயலுமா?

குத்தாலம் உழவர் (கேள்வி):

எங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் உறுப்பினராக இருக்கிறேன். ஒவ்வொரு சம்பா அறுவடையின்போதும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நாற்பது கிலோ சிப்பங்கள் அட்டி அட்டியாகத் தேங்கிக் கிடக்கின்றன. மூட்டைகளை எடுத்துச் செல்ல லாரி வரவில்லை என்பதே எங்களுக்குக் கிடைக்கும் பதில். அதற்குள் பருவம் தவறிய மழை ஒன்று வந்துவிட்டால் அடி வரிசை மூட்டைகள் முளைவிட்டு விடுகின்றன. இந்நிலை குறித்து மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு குறிப்பு எழுதித் தரும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது.

2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட 111 நீர்வழிகளுள் காவிரி–கொள்ளிடமும் ஒன்று. கொல்கத்தா ஹூக்ளி ஆற்றின் மீதுதான் பெருந்துறைமுகமாக இயங்குகிறது. நாகப்பட்டினம் துறைமுகமும் கடுவையாற்றின் முகத்தில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, ஆற்றங்கரையில் ஒரு சரக்குத் துறை அமைத்து, கிடங்கு, கிரேன் போன்ற வசதிகளைச் செய்துகொண்டு, நெல்லை மிதவைப் படகுகளில் ஏற்றிக் கடல்முகத்துக்குக் கொண்டு செல்ல இயலுமா? நாகையில் முன்பு படகுகளில் சரக்கு கையாளப்பட்டது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எவ்வாறு நடந்தது என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் குறிப்புக்கு உதவியாக இருக்கும்.

நாகை துறைமுகத்தார் (மறுமொழி 1):

வணக்கம் தம்பி. கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் சரக்குக் கணக்கெடுப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்: நான் வேலை பார்த்த காலத்தில் நாகையில் ஆற்றுக்குள் வந்தவை படகுகள் மட்டுமே, கப்பல்கள் வெளியே, திறந்த கடலில்தான் நங்கூரமிட்டன. சுங்க அலுவலகம், கிடங்குகள், படகுகள் அணையும் சுவர் ஆகிய அனைத்தும் கடுவையாற்றின் கரையில் இருந்ததால் பார்ப்பவர்களுக்கு இது ஆற்றுத் துறைமுகமாகத் தோன்றும். ஆனால் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சில கிலோமீட்டர் கடல் இருந்தது; அந்த இடைவெளியைக் கடந்து சரக்கைச் சேர்ப்பதுதான் எங்கள் தொழிலின் முழு வடிவம்.

இறக்குமதியென்றால் கப்பலின் சொந்த டெரிக்குகளே (சரக்குத் தூக்கிகளே) மூட்டைகளை ஸ்லிங்கில் (தூக்குக் கயிற்றில்) கட்டித் தூக்கி, பக்கத்தில் அணைந்து நிற்கும் சலங்கு, லைட்டர் எனப்படும் சரக்குப் படகுகளில் இறக்கும். அலையில் படகு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், வின்ச் எனும் தூக்குப்பொறியை ஓட்டுபவர் படகு மேலே எழும் தருணம் பார்த்து ஸ்லிங்கைத் தளர்த்த வேண்டும். படகு கீழே போகும்போது விட்டால் மூட்டை அந்தரத்திலிருந்து விழுந்து கிழியும். கப்பல் தரப்பில் ஒருவர், எங்கள் தரப்பில் ஒருவர் என இருவர் நின்று ஒவ்வொரு ஸ்லிங்குக்கும் கோடு போட்டு எண்ணுவோம். மாலையில் இரண்டு தாள்களும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைய ரசீதில் கையெழுத்து நடக்காது.

கடினமான பகுதி முகத்துவாரம். ஆற்று நீரும் கடலலையும் மோதும் அந்த இடத்தில் எப்போதும் ஒரு மணல் திட்டு கிடக்கும். அதன் மேல் நீர் ஆழம் வாரத்துக்கு வாரம் மாறும். படகின் தலைவரான தண்டல் முன்பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி மூங்கிலால் ஆழம் பார்க்கச் சொல்லி, பெரிய அலைகள் கடந்துபோகக் காத்திருந்து, பின்னால் வரும் சிறிய அலையோடு படகை உள்ளே விடுவார். திட்டின் மேல் ஆழம் குறைந்த நாட்களில் படகின் கொள்ளளவில் பாதிதான் ஏற்ற முடியும். அதனால் நடை கூடும்; கப்பல் கூடுதல் நாட்கள் நிற்கும்; தாமதக் கட்டணம் ஏறும்.

வடகிழக்குப் பருவத்தில் இதுவும் நடக்காது. துறைமுக அலுவலகக் கம்பத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் படகுகளைக் கட்டிவைத்துவிட்டுக் காத்திருப்போம். ஐப்பசி, கார்த்திகையில் பல நாட்கள் அப்படியே கழியும்.

சென்னையிலிருந்து நாகை வழியாகச் சிங்கப்பூர் சென்றுவந்த பயணிகள் கப்பல் போக்குவரத்து, எம்.வி. சிதம்பரம் கப்பல் 1980களின் நடுவில் தீப்பிடித்ததோடு முடிந்துபோனது. அந்தக் கப்பல்களுக்கும் மூட்டை முடிச்சுகளும் மனிதர்களும் படகில்தான் போய் ஏறினார்கள். பிற்காலத்தில் பாமாயில் கப்பல்கள் வந்தபோது படகே தேவைப்படவில்லை. கப்பலிலிருந்து குழாய் வழியே எண்ணெயைக் கரைத் தொட்டிகளுக்கு ஏற்றிவிட்டார்கள். நீர்மச் சரக்குக்கு மணல் திட்டு ஒரு தடையே இல்லை என்பதை அப்போதுதான் ஊர் கண்டது. நெல்லைக் குழாயில் அனுப்ப முடியாது என்பது வேறு விஷயம்.

பாசனப் பொறியாளர், தஞ்சாவூர் (மறுமொழி 2):

பெரியவர் முகத்துவாரத்தைச் சொல்லிவிட்டார். நான் ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

கொல்கத்தா கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருந்தும் துறைமுகமாக இயங்குவதற்குக் காரணம், ஹூக்ளியின் கீழ்ப்பகுதியில் கடல் ஏற்றவற்றம் நான்கைந்து மீட்டர் அளவுக்கு இருப்பதே. கப்பல் அந்த ஏற்றத்தைப் பிடித்துக்கொண்டு வழிகாட்டி மாலுமியுடன் மேலே வருகிறது. நீர் வற்றும்போது தரைதட்டாமல் இருக்க, கிதர்பூர் போன்ற துறைகளில் பூட்டுக் கதவுகளுக்குள் (நீர்மட்டத்தை ஏற்றியிறக்கிக் கலங்களைக் கடத்திவிடும் கதவுகளுக்குள்) நீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு இருந்தும் வண்டல் அடைத்துக்கொண்டே இருந்ததால்தான் கங்கை நீரைத் திருப்பிவிட ஃபராக்கா அணை கட்டப்பட்டு 1975இல் இயக்கத்துக்கு வந்தது. தூர்வாரும் வேலை அங்கே இன்றுவரை நின்றபாடில்லை. நம் கரையில் நிலைமை நேர்மாறானது. நாகையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. கப்பலை உள்ளே தூக்கிவரும் ஆற்றல் நம் கடலுக்கு இல்லை. திட்டை அரித்துச் செல்லும் ஆற்றல் நம் ஆற்றுக்கு, வெள்ள நாட்களைத் தவிர, இல்லை.

காவிரி நீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிந்து, மேலும் பல கிளைகளாகி, பூம்புகாருக்கு அருகே மேலையூர் கடையணையை அடையும்போது அகன்ற வாய்க்கால் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நீரை வயலுக்குப் பங்கிட்டுத் தீர்ப்பதற்காகவே அமைக்கப்பட்ட ஆற்று முறை இது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கோதாவரியில் தௌலேசுவரத்தில் அணை கட்டியபோது படகுகள் கடந்து செல்லப் பூட்டுக் கதவுகளையும் சேர்த்தே அமைத்தார். காவிரிப் படுகையின் நீரொழுங்கிகளில் (நீரைப் பங்கிடும் மதகுகளில்) அடைப்புப் பலகைகள் மட்டுமே உள்ளன. குத்தாலத்திலிருந்து புறப்படும் படகு ஒவ்வொரு நீரொழுங்கியிலும் நின்றுவிடும்.

அளவுகளையும் பாருங்கள். உள்நாட்டு நீர்வழிகளுக்கான வகைப்பாட்டில் இரண்டாம் வகைப் படகு 300 டன் ஏற்றும். உங்கள் கணக்கில் 7,500 சிப்பம். அது 45 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உடையது. அதற்கு ஆற்றில் எங்கும் குறையாத 1.4 மீட்டர் ஆழமும், பாலங்களின் கீழ் 5 மீட்டர் உயர இடைவெளியும் வேண்டும். மயிலாடுதுறைக்கும் கடலுக்கும் இடையே உள்ள சாலைப் பாலங்களின் கீழே ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

எனினும் இவை எல்லாவற்றையும் பணம் செலவிட்டுச் சரிசெய்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் நாட்காட்டி உங்களுக்கு எதிராகவே நிற்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படுகிறது. திறந்திருக்கும் மாதங்களிலும் நீர் குறைவான ஆண்டுகளில் முறை வைத்துக் காவிரியிலும் வெண்ணாற்றிலும் மாற்றி மாற்றி விடுகிறோம். சம்பா, தாளடி நெல் கொள்முதல் நிலையங்களில் மலைபோல் குவிவது ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை. உங்கள் சரக்கு தயாராகும் வாரத்தில்தான் ஆறு வற்றத் தொடங்குகிறது. குறுவை அறுவடை நேரத்தில் ஆற்றில் நீர் இருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். பெரியவர் குறிப்பிட்ட மூன்றாம் எண் கூண்டு ஏறத் தொடங்குவதும் அதே சமயத்தில்தான்.

காரைக்கால் சரக்குத் தளம் (மறுமொழி 3):

பொறியாளர் ஐயா சொன்னதற்கு மேல் ஆற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் காரைக்கால் துறைமுகம் ஆற்றின் ஆழத்தை நம்பவில்லை என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்களை நீட்டி, நடுவே தோண்டி, பெரிய கப்பல் நேராகப் பெர்த்தில் (கப்பல் அணையும் மேடையில்) அணையும்படி செய்திருக்கிறார்கள். எழுபதாயிரம் டன் நிலக்கரியுடன் ஒரு கப்பல் வந்தால், கிரேனின் கிராப் (அள்ளும் வாளி) அதை அள்ளி ஹாப்பரில் (புனல் வடிவத் தொட்டியில்) கொட்டுகிறது. கரி அங்கிருந்து அடுக்குத் தளத்துக்குப் போகிறது. பின்னர் ரயிலில் ஏறுகிறது. ஒரு ரேக்குக்கு (முழுச் சரக்கு ரயிலுக்கு) நாலாயிரம் டன்னுக்குச் சற்றுக் குறைவு என்றால், அந்த ஒரு கப்பலுக்குப் பதினெட்டு ரேக் வேண்டும். ரேக் வருவது தாமதமானால் தளம் நிரம்பி அடுத்த கப்பல் வெளியே நிற்கும். ஆகவே துறைமுகத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது பல நேரங்களில் தண்டவாளம்தான்.

உங்கள் நெல்லோடு ஒப்பிடத்தக்கவை உரமும் சர்க்கரையும். இரண்டும் நனையக்கூடாதவை என்பதால், கிழக்கே மேகம் கறுத்த உடனே வேலையை நிறுத்தி ஹேட்சை (கப்பலின் சரக்கறை வாயை) மூடச் சொல்லிவிடுவார்கள். மழை பெய்யாமல் கலைந்து போனாலும் அந்த ஒரு மணி நேரம் போனதுதான். திறந்த படகில் நெல்லைக் கொண்டு செல்ல நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

குத்தாலம் உழவர்:

மூவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. கோவாவில் மாண்டவி, ஜுவாரி ஆறுகளில் இரும்புத் தாது படகுகளில்தானே செல்கிறது. அவையும் சிறிய ஆறுகள் அல்லவா? இரண்டாவதாக, 2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. அந்தக் கப்பல் நாகைத் துறைமுகத்துக்கு உள்ளேயே வந்து அணைந்ததே! அப்படியானால் முகத்துவாரத்தை ஆழப்படுத்த முடியும் என்றுதானே பொருள்?

பாசனப் பொறியாளர், தஞ்சாவூர்:

மாண்டவியும் ஜுவாரியும் நீளத்தில் சிறியவை என்றாலும், அவற்றின் கீழ்ப்பகுதி உண்மையில் நிலத்துக்குள் நீண்டு நுழைந்த கடல் நீர்தான். மேலே அணை திறந்தாலும் மூடினாலும் அங்கே ஆழம் குறையாது. தாது ஆற்றங்கரைக்கு அருகிலேயே தோண்டப்பட்டது, மழையில் நனைந்தாலும் முளைக்காது, ஒரே படகில் ஆயிரம் டன்னுக்கு மேல் ஏறும், முடிவில் மர்மகோவாவில் கப்பல் காத்திருக்கும். நம் கொள்ளிடத்திலும் கடல் நீர் நெடுந்தூரம் ஏறிவருகிறது என்பது உண்மை. ஆனால் அதை நாம் தடுக்கவே முயல்கிறோம். ஏனெனில் உப்பேறினால் கரையோர ஊர்களின் குடிநீரும் நிலமும் கெடும். படகு மிதப்பதற்காக ஆற்றுமுகத்தை ஆழமாகத் தோண்டினால் அந்த உப்பு நீருக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்ததாகிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே கொள்ளிடக் கரை உழவர்கள் உங்கள் குறிப்பை எதிர்ப்பார்கள், எதிர்ப்பதில் நியாயமும் இருக்கும்.

நாகை துறைமுகத்தார்:

தம்பி, பயணிகள் கப்பலைப் பற்றி நான் சொல்கிறேன். ஆழப்படுத்த முடியும் என்பதில் ஐயமில்லை. முகத்துவாரத்தைத் தூர்வாரிய பிறகுதான் அந்தக் கப்பல் உள்ளே வந்தது. அது நூற்றைம்பது பேர் அமரும் சிறிய, வேகமான கப்பல். அதற்குத் தேவையான ஆழமும் குறைவு. அப்படியிருந்தும் தொடங்கிய சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவத்தைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வேறொரு கப்பலுடன்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. தோண்டிய இடத்தில் மணல் திரும்ப வந்து சேரும் என்பதையும் மறக்காதீர்கள். கரையோர மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. அதைத் தடுக்கச் சுவர் நீட்டினால் தென்புறம் மணல் சேர்ந்து வடபுறம் கரை அரிக்கும். பிறகு அங்குள்ள மீனவர்கள் தங்களுக்கு ஒரு தூண்டில் வளைவு (அலை தடுக்கும் கல்சுவர்) கேட்பார்கள். அது கட்டினால் அடுத்த ஊரில் அரிக்கும். இந்தச் சங்கிலியை நம் கரை நெடுகிலும் பார்க்கலாம்.

உங்கள் நெல்லுக்கு என்ன வழி என்பதுதான் கேள்வி. ஒரு மூட்டை எத்தனை முறை தோளில் ஏறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். இப்போது நிலையத்தில் லாரிக்கு ஒருமுறை, ரயிலடியில் வேகனுக்கு ஒருமுறை, போய்ச் சேரும் ஊரில் மீண்டும் ரயிலிலிருந்து ஒருமுறை, அரவை ஆலையில் ஒருமுறை. ஆற்றுத் துறை அமைத்தால் லாரியிலிருந்து படகுக்கும் படகிலிருந்து கரைக்குமாக மேலும் இரண்டு தூக்குகள் சேரும். ஒவ்வொரு தூக்குக்கும் கூலி உண்டு, கொக்கி பட்டுச் சிந்தும் நெல்லும் உண்டு. லைட்டர் தொழிலை முடித்துவைத்தது புயலைவிட இந்தக் கூலிக் கணக்குதான் என்பது என் கருத்து. பெர்த்தில் நேராக இறக்க வழியுள்ள வேறு துறைமுகம் கிடைத்ததும் சரக்கு அங்கே போய்விட்டது.

மன்னார்குடி, நீடாமங்கலம், திருவாரூர் போன்ற இடங்களிலிருந்து நெல் ஏற்கெனவே சரக்கு ரயிலில் வெளிமாவட்டங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு ரயிலில் இரண்டாயிரம் டன் என்றால் ஐம்பதாயிரம் சிப்பம். உங்கள் குறிப்பில் கேட்க வேண்டியது ரயிலடிக்கு அருகே கூரையுள்ள தளமும், அறுவடை மாதங்களில் நிலையத்திலிருந்து அத்தளத்துக்கு மட்டும் ஓடும் குறுந்தூர லாரிகளும்தான். வேகன் வரத் தாமதமானாலும் நெல் கூரைக்கு அடியில் இருக்கும். உங்கள் வட்டாரத்தின் ஒவ்வொரு கொள்முதல் நிலையமும் அருகிலுள்ள ரயிலடியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று குறித்த ஒரு வரைபடத்தை இணைத்துவிடுங்கள். படகுத் துறை பற்றிய பத்தியை எடுத்துவிடலாம்.