அந்தி வானில் ஓடும் பேரொளிக்கு ஒரு கலைச்சொல்: விண்கொள்ளி

கதிரவன் மறைந்து, வானத்தில் வெளிச்சம் இன்னும் முழுதாக வடியாத நேரத்தில், எங்கிருந்தோ ஓர் ஒளி கிளம்பி, பொறி சிதற ஓடி, சில நொடிகளில் அவிந்துவிடுகிறது. பல ஊர்களில் ஒரே வேளையில் எண்ணற்றோர் கண்ணில் படும் இந்தத் தோற்றத்தை வானியலார் ஆங்கிலத்தில் பயர்பால் என்கிறார்கள். தமிழிலோ எரிகல், விண்கல், எரிநட்சத்திரம், தீப்பந்து, தீக்கோளம் என்று எழுதுபவருக்கு ஒரு பெயராக அது வழங்கிவருகிறது. வேறு வேறான மூன்று நான்கு கருத்துகள் இந்தப் பெயர்களுக்குள் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதால், ஒரே சொல்லைத் தேர்ந்து நிலைநிறுத்துவது தேவை என்று கருதுகிறேன்.

முதலில் கருத்துகளைப் பிரித்துக்கொள்வோம். விண்வெளியில் சுற்றிவரும் சிறு திடப்பொருள் ஒன்று. அது வளிமண்டலத்தில் பாயும்போது எழும் ஒளி மற்றொன்று. எரிந்தது போக எஞ்சித் தரையில் கிடக்கும் கல் மூன்றாவது. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் ஆணையம் 2017இல் வகுத்த வரையறையின்படி, முதல் வகைப் பொருள் ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டர் முதல் 1 மீட்டர் வரையிலான அளவுடையது. இதை விண்துணுக்கு என்றும், ஒளியை எரிமீன் என்றும், எஞ்சிய கல்லை விண்வீழ்கல் என்றும் கொள்ளலாம். நாம் பெயர் தேடுவது இரண்டாவதன் ஒரு சிறப்பு வகைக்கு. எரிமீன்களுள் பொலிவெண் (வானில் தெரியும் ஒளியின் அளவைச் சொல்லும் எண்; எண் குறையக் குறைய ஒளி கூடும்) −4ஐ எட்டுவன அல்லது அதனினும் மிக்க ஒளியுடையன, அதாவது ஏறக்குறைய வெள்ளிக் கோளின் அளவுக்கோ அதற்கு மேலோ ஒளிர்வன, பயர்பால் எனப்படுகின்றன. எனவே இந்தச் சொல் குறிப்பது ஒளியை. அதை உண்டாக்கிய பொருளை அன்று.

இதை ஏற்றால் எரிகல், விண்கல் ஆகிய இரண்டும் விலகிவிடுகின்றன. பார்த்தவர் எவரும் கல்லைப் பார்ப்பதில்லை. நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் பொருளின் முன்னால் காற்று நெருக்குண்டு கடுமையாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் பொருளின் மேற்பரப்பு ஆவியாகி, ஆவியும் காற்றும் சேர்ந்து ஒளிர்கின்றன. பெரும்பாலானவற்றில் கல் என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. சில வேளைகளில் அங்கே கல்லே இருந்திராது. 2022 ஏப்ரல் 2 அன்று முன்னிரவில் மகாராட்டிரத்திலும் அண்டை மாநிலங்களிலும் பலர் கண்டு படம்பிடித்த ஒளிக்கோடுகளை முதலில் விண்கல் என்றே பலரும் எண்ணினார்கள். அவை சீன ராக்கெட் ஒன்றின் பகுதி வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்ததால் எழுந்தவை என்று பின்னர் வல்லுநர்கள் அடையாளம் கண்டார்கள். காரணம் தெரியும் முன்பே கண்டதைக் கண்டபடி சொல்ல உதவும் சொல்தான் இங்கே வேண்டும்.

எரிவெள்ளி எனலாமே என்றால், அதுவும் நல்ல சொல்லே. ஈழத்து வழக்கில் வெள்ளி என்பது விண்மீனைக் குறிப்பதால் அங்கே அது இயல்பாகவும் ஒலிக்கும். ஆனால் வெள்ளிக் கோளின் ஒளியையே அளவுகோலாகக் கொண்ட வரையறைக்குள் அதே சொல் வருவது மாணவருக்கு இடர் தரும். தீக்கோளம், தீப்பந்து என்பவை ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்புகள். வெடிவிபத்திலும் அணுகுண்டு வெடிப்பிலும் எழும் நெருப்புத் திரளுக்கு அவை ஏற்கெனவே வழங்கிவருகின்றன. மேலும், கண்டவர்கள் விவரிப்பது உருண்டையை மட்டும் அன்று. முனையில் கண்ணைக் கூசவைக்கும் தலை, அதன் பின்னே நீளும் வால், வழியெங்கும் உதிரும் பொறிகள், உடைந்து பின்தொடரும் சிறு துண்டுகள் என்றுதான் பெரும்பாலான விவரிப்புகள் அமைகின்றன.

இந்த உருவத்துக்குத் தமிழில் ஆயத்தமாக உள்ள சொல் கொள்ளி. ஒரு முனையில் தீப்பற்றி எரியும் கட்டையே கொள்ளி. அதை இருட்டில் வீசினால் பொறி தெறித்துக் கோடிழுக்கும், சுழற்றினால் கொள்ளிவட்டம் தெரியும். ஓட்டமும் தீயும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. அதனோடு விண் என்பதைச் சேர்த்து விண்கொள்ளி என்று கொள்ளலாம் என்பதே என் முன்மொழிவு. வானத்தில் எரிந்து வீழ்வதைத் தமிழ் உற்று நோக்கிய மரபு பழையது. புறநானூற்றின் 229ஆம் பாடலில் கூடலூர் கிழார், தீப்பரக்க ஒரு மீன் விசும்பிலிருந்து வீழ்ந்ததைப் பாடும்போது நாள்மீன்களின் நிலைகளையும் வரிசையாகக் குறித்துவைக்கிறார். எரிமீன் என்ற பொதுப்பெயரை இந்த மரபின் தொடர்ச்சியாகவும், விண்கொள்ளி என்பதை அதனுள் ஒரு வகையாகவும் காண்கிறேன்.

கொள்ளி என்றவுடன் ஈமக்கடன் நினைவுக்கு வருகிறதே என்ற மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கொள்ளி வைத்தல், கொள்ளிக்குடம் ஆகியவை அன்றாட வழக்கில் உறுதியாக வேரூன்றியவை. இருந்தாலும் ‘எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி’ என்னும் பழமொழியைச் சொல்பவர் சுடுகாட்டை நினைப்பதில்லை. அடுப்பில் எரியும் விறகும் கொள்ளிதான். விண் என்ற முன்னொட்டு பொருளைத் திசைதிருப்பிவிடுகிறது. ஒரு சொல்லின் பல பயன்களில் ஒன்று துயரமானது என்பதற்காக, இவ்வளவு பொருத்தமான சொல்லை விட்டுவிடுவது இழப்பாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

கலைச்சொல் தனியாக நிற்பதைவிடக் கிளைப்பது முக்கியம். வெடித்துச் சிதறும் வகையை, அதாவது போலைடு என்பதை, வெடிகொள்ளி எனலாம். சிலர் −14 பொலிவெண்ணை, முழுநிலவையும் விஞ்சும் ஒளியை, இதற்கு வரம்பாக வைக்கிறார்கள். −17ஐ எட்டுவனவும் கடப்பனவும் பெருவெடிகொள்ளி ஆகும். 2013 பிப்ரவரி 15 அன்று உருசியாவின் செல்யாபின்சுக் நகருக்கு மேலே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் நிகழ்ந்தது அத்தகையது. ஒளியைக் கண்டு பலர் சன்னலருகே வந்து நின்றிருக்க, சில நிமிடங்கள் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடிகளை நொறுக்கியது. சுமார் 1,500 பேர் மருத்துவ உதவி நாடினார்கள். ‘வெடிகொள்ளியைக் கண்டால் சன்னலைவிட்டு விலகி நில்லுங்கள்’ என்ற அறிவிப்பைப் படிப்பவர் விளக்கமின்றியே புரிந்துகொள்வார் அல்லவா?

அந்தியில் தோன்றும் விண்கொள்ளிகளுக்குத் தனிச்சிறப்பு உண்டு. மாலையில் நாம் நிற்பது, பூமி தன் சுற்றுப்பாதையில் செல்லும் திசைக்குப் பின்புறத்தில். அதனால் அப்போது வரும் துணுக்குகளில் பல பூமியைத் துரத்திப் பிடிக்க வேண்டியவை. நுழையும் வேகம் குறைவாக இருப்பதால் நெடுநேரம் எரிகின்றன, கல் மிஞ்சுவதற்கும் வாய்ப்புக் கூடுகிறது. 1992 அக்டோபர் 9 அன்று மாலை அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தோன்றிய ஒன்று 700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. பீக்ஸ்கில் என்னும் ஊரில் நின்றிருந்த காரின் மீது அதன் 12 கிலோ எடையுள்ள துண்டு விழுந்தது. கால்பந்தாட்டம் பார்க்க வந்தவர்கள் பல இடங்களிலிருந்து எடுத்த காணொளிகளைக் கொண்டே அதன் பாதையைக் கணக்கிட்டார்கள். சாதாரண மக்கள் தரும் இத்தகைய குறிப்புகளைத் திரட்டும் படிவத்தில்தான் நம் சொல் அதிகம் புழங்கும்: விண்கொள்ளி தோன்றிய திசை, மறைந்த திசை, எரிந்த நேரம், நிறம், ஒலி கேட்டதா, ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரம். தரைக்குக் கீழிறங்கிவிட்ட கதிரவனின் ஒளி பட்டு உயரத்தில் வெண்மையாகத் துலங்கும் புகைத்தாரைக்குக் கொள்ளித்தடம் என்ற பெயர் பொருந்தும். பல ஊர்களில் நிறுவும் கருவித் தொகுதியை விண்கொள்ளி நோக்கு வலையம் எனலாம்.

ஒரு வரம்பையும் குறித்துவிடுகிறேன். செயற்கைப் பொருள் எரிந்தது என்று உறுதியான பிறகு அதை மீள்நுழைவு எரிவு என்றே பதிய வேண்டும். அத்தகையவை நொடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல ஊர்ந்து, ஒரு நிமிடத்துக்கும் மேல்கூடத் தெரிவதால் பிரித்தறிவது பெரும்பாலும் இயலும். அதுவரை பதிவேட்டில் ‘விண்கொள்ளி, காரணம் ஆய்வில்’ என்று இருந்தால் போதுமானது.