'வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்': உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

மழைக்கால்:
மாமியார் படுத்த படுக்கையாகி மூன்று வருடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது, டயப்பர், மூக்குக் குழாய், எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதானே. போன மாதம் டாக்டர் முதுகைப் பார்த்துவிட்டு, "ஒரு படுக்கைப் புண்கூட இல்லையே, நர்ஸ் வைத்திருக்கிறீர்களா?" என்றார். என் கணவர் சிரித்தபடி, "நர்ஸெல்லாம் இல்லை டாக்டர், இவள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தச் 'சும்மா' காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

கைவிளக்கு:
நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு பெரியவரைப் பதினொரு மாதம் கவனித்தேன். ஒருநாள் விடியற்காலையில் என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். எனக்கு அழுகை அடங்கவில்லை. அந்த வீட்டில் ஒருவர் வந்து, "உங்கள் சம்பளத்தைத்தான் கொடுத்துவிட்டோமே, அப்புறம் ஏன் அழுகிறீர்கள்?" என்றார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். மழைக்கால், உங்களுக்குப் பாசம் உண்டு என்றாவது நம்புகிறார்கள்.

திண்ணை:
கைவிளக்கு, இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பாசம் என்று நம்புவதால்தான் அதை யாரும் வேலையாக எண்ணுவதில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான் லீவு கேட்டபோது மேலாளர், "வீட்டில் பெண்கள் யாரும் இல்லையா?" என்றார். என் கதை அவ்வளவுதான்.

மழைக்கால், ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை மணிக்குப் புரட்டினீர்கள், என்ன மருந்து, இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், எல்லாவற்றையும் எழுதிக் காட்டுங்கள். வாரத்தில் ஒரு முழு நாள் உங்கள் கணவரே பார்க்கட்டும். சம்பளம் இல்லாத பராமரிப்பும் வேலைதான் என்று தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடே 2013இல் தீர்மானம் போட்டிருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கை, 64 நாடுகளின் விவரத்தை வைத்து, நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம் இந்த வேலைக்குப் போகிறது என்கிறது. முக்கால் பங்குக்கு மேல் பெண்கள் செய்வது. ஆனாலும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அது சேராது. கைவிளக்கு, நீங்களும் சேரும்போதே வேலை நேரம், ஓய்வு, விடுப்பு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வீட்டுப் பணியாளர்களுக்காக அதே அமைப்பு 2011இல் கொண்டுவந்த 189ஆவது உடன்படிக்கை கேட்பதும் இதைத்தான்.

மழைக்கால்:
திண்ணை, நோட்டு முதல் மாதத்திலிருந்தே இருக்கிறது. இப்போது நாலாவது நோட்டு. அன்றைக்கு டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் கணவர் அப்படிச் சொன்னார்.

கைவிளக்கு, அந்தப் பெரியவர் எப்படிப்பட்டவர்? முடிந்தால் எழுதுங்களேன்.