பத்துமலையா, பத்து மலையா?

குழு: பாட்டி வீட்டுப் பிள்ளைங்க

சுசிலா அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) “பத்து மலைகள் ஒன்றாகச் சேர்ந்ததால் பத்துமலை என்று பெயர். கருங்கல்லால் ஆன இந்த மலையை எந்த மழையும் அசைக்க முடியாது. உடனே பத்து பேருக்கு அனுப்புங்கள்.”

தேவன்: அத்தை, இதை வேற குழுவுக்கு அனுப்பிடாதீங்க 🙏 மூணு தப்பு இருக்கு.

ஹரி: மூணாவது, பத்து பேருக்கு அனுப்பச் சொன்னதாண்ணே?

தேவன்: அதேதான்.

மணியம் மாமா: பேரு சுங்கை பத்துவிலிருந்து வந்தது. மலைக்குப் பக்கத்துல ஓடி, கீழ கோலாலம்பூர்ல சுங்கை கோம்பாக்கோட சேருதே, அந்த ஆறு. மலாய்ல பத்துன்னா கல்லு. ஆத்துப் பேரு ஊருக்கும் குகைக்கும் வந்துச்சு, நம்ம ஆளுங்க வாயில பத்துமலை ஆயிடுச்சு.

சுசிலா அத்தை: அப்போ முருகனுக்குப் பத்தாவது தலம்னு சொல்றாங்களே?

மணியம் மாமா: தமிழ்நாட்டுல ஆறுபடை வீடு. இங்க மலேசியாவுல ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை, மலாக்கா சன்னாசிமலை, அப்புறம் இது. கூட்டினா பத்து. சாமி கும்பிடுறவங்களுக்கு அழகான கணக்குதான், நான் குறை சொல்லல. ஆனா பேருக்குக் காரணம் ஆறு. எண் ஆறு இல்ல, ஓடுற ஆறு 😄

கவிதா: கருங்கல் இல்லன்னா என்ன கல்லு?

தேவன்: சுண்ணாம்புக்கல். சுமார் 40 கோடி வருஷத்துக்கு முன்னால கடலடியில படிஞ்சது. பிறகு பூமிக்குள்ள சூடும் அழுத்தமும் பட்டு நிறைய இடத்துல பளிங்கா மாறிடுச்சு. புதுசா உடைஞ்ச முகத்தை வெயில்ல திருப்பிப் பாரு, சீனி மாதிரி மினுங்கும்.

கவிதா: வெளியில கறுப்பா, சாம்பலா இருக்கே?

தேவன்: மேல பாசியும் நுண்ணுயிரும் படர்ந்த நிறம் அது. உள்ளே வெளுப்பு. முன்னாடி குவாரி வெட்டின பக்கத்துல அந்த வெளுப்பு இன்னும் தெரியும். 1980 வாக்குல வெட்டுறத நிறுத்தலன்னா மலை இன்னும் இளைச்சிருக்கும்.

ஹரி: மழை அசைக்காதுங்கிறதும் தப்பா?

தேவன்: அதுதான் பெரிய தப்பு. மழைத்தண்ணி காத்திலயும், அதைவிட அதிகமா மண்ணுலயும் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கிட்டு லேசான அமிலமாயிடும். அது விரிசல்ல இறங்கி, கல்லைக் கரைச்சு, விரிசலைப் பொந்தாக்கி, பொந்தைக் குகையாக்கும். கோயில் குகைக்குள்ள கூரை சுமார் 100 மீட்டர் உயரம். அதுல அங்கங்க இடிஞ்சு திறந்த இடம் வழியாத்தான் வெளிச்சம் வருது. மழை பெஞ்சா உள்ளேயும் பெய்யும்.

கவிதா: கரைக்கிற தண்ணியே எப்படிக் கல்லு விழுதைத் தொங்க விடுது?

தேவன்: நல்ல கேள்வி. கரைஞ்ச சுண்ணாம்போட சொட்டு கூரைக்கு வந்ததும், அதிலிருக்கிற கார்பன் டை ஆக்சைடு குகைக் காத்துல வெளியேறிடும். சுண்ணாம்பைத் தாங்கிக்க அந்தத் தண்ணிக்குத் தெம்பு போயிடும், சொட்டுற இடத்துல ஒரு மெல்லிய வளையமா விட்டுட்டு விழும். வளையத்து மேல வளையமா முதல்ல உள்ளே துளை இருக்கிற குழாயா நீளும். துளை அடைச்சதும் தண்ணி வெளிப்பக்கமா வழிஞ்சு தடிக்கும். அதைக் கையால தொடாதீங்க. தோலு எண்ணெய் ஒட்டினா அந்த இடத்துல புதுப் படிவு சரியாப் பிடிக்காது.

மணியம் மாமா: மலை செங்குத்தா நிக்கிறதுக்கும் தண்ணிதான் காரணம். மேல விழுற மழை ஓடையா ஓடாம உள்ளே இறங்கிடும், அதனால சரிவு உருவாகாது. அடிவாரத்துல தேங்குற தண்ணி காலை அரிக்கும், மேல இருக்கிற பாறை பாளம் பாளமா விழும், சுவர் மாதிரி நிக்கும். பாறைக்கு நேர் கீழ காரை நிறுத்துறவங்களுக்குத்தான் இதை அனுப்பணும்.

ஹரி: கோலாலம்பூர் பக்கத்துல இருக்கிற புக்கிட் தாபூர் மலையும் இதே கல்லா?

தேவன்: இல்ல. அது குவார்ட்ஸ்ங்கிற கெட்டியான கல்லால ஆன முகடு, 14 கிலோமீட்டருக்கு மேல நீளம். குவார்ட்ஸ் கரையாது, அதனால கத்தி முனை மாதிரி நிக்குது, குகை கிடையாது. இந்த சுண்ணாம்புக்கல்தான் கோலாலம்பூருக்கு அடியிலயும் ஓடுது. பெட்ரோனாஸ் கோபுரம் கட்டினப்போ அடியில கல்லு ஒரு பக்கம் செங்குத்தா இறங்கினதால இடத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்தினாங்க.

சுசிலா அத்தை: கோயிலைப் பத்தி யாரும் பேசலையே?

மணியம் மாமா: சொல்றேன்மா. குகை வாசல் வேல் வடிவத்துல இருந்ததைப் பார்த்துத்தான் இந்தக் கோயிலை ஆரம்பிச்ச தம்புசாமிப் பிள்ளை இங்க முருகனை வச்சாருன்னு சொல்வாங்க. தைப்பூசம் 1892லேர்ந்து நடக்குது. படி 272. கீழ நிக்கிற சிலை 42.7 மீட்டர், 2006ல திறந்தாங்க. படிக்கு இப்ப இருக்கிற கலர் 2018ல அடிச்சது.

கவிதா: அதே மலையில இருக்கிற இருட்டுக் குகை திறந்திருக்கா?

தேவன்: 2019ல பொதுமக்களுக்கு மூடினாங்க, இப்போ எப்படின்னு விசாரிச்சுட்டுப் போ. உள்ளே வௌவால் எச்சம்தான் எல்லாத்துக்கும் சாப்பாடு. அதைப் பூச்சி தின்னும், பூச்சியைச் சிலந்தி பிடிக்கும். அங்க ஒரு பழங்கால வகைச் சிலந்தி இருக்கு, குழிக்கு மூடி போட்டு, வாசலைச் சுத்தி நூல் இழுத்து வச்சிருக்கும். பூச்சி நூலை மிதிச்சா உள்ளே தெரிஞ்சிடும். தேன் குடிக்கிற குகை வௌவால் ராத்திரி வெளியே போயி டுரியான் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும். அதனால வௌவாலை விரட்டினா டுரியான் காய்ப்பு குறையும்.

ஹரி: சுண்ணாம்புக்கல்லா இல்லையான்னு வீட்டுலயே பார்க்கலாமா?

தேவன்: பார்க்கலாம். மலையில எதையும் உடைக்காதே, வெளியே கிடைக்கிற துண்டு போதும். முதல்ல கத்தி முனையால கீறு: சுண்ணாம்புக்கல் கீறும், குவார்ட்ஸ் கீறாது. கீறி வந்த மாவு மேல ரெண்டு சொட்டு வினிகர் விடு, காதுகிட்ட வச்சா சுர்ருன்னு கேட்கும். முழுக் கல்லு மேல விட்டா வினிகருக்கு வேகம் பத்தாது, ஒண்ணும் இல்லன்னு தப்பா நினைச்சிடுவே. டோலமைட்ங்கிற, மக்னீசியம் சேர்ந்த கனிமம் கலந்த கல்லா இருந்தா மாவுலகூட மெதுவாத்தான் பொங்கும்.

ஹரி: சமையலறை மேடை பளிங்குதானே அத்தை, அதுல ஒரு சொட்டு…

சுசிலா அத்தை: கை வச்சே, பாரு! எலுமிச்சை சாறு சிந்தின இடமே இன்னும் மங்கலா இருக்கு. வாசல்ல போயி பண்ணு.