அம்மா-மகள் பேச்சு வட்டத்தில் மகள்கள் வாயே திறப்பதில்லை

மதுரை திருநகரில், எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியில் ஞாயிறு சாயங்காலம் அம்மாக்களும் மகள்களும் மனம் விட்டுப் பேச ஒரு வட்டம் தொடங்கியிருக்கிறோம். பிள்ளைகள் ஏழாவது முதல் பத்தாவது வரை படிப்பவர்கள். சிக்கல் என்னவென்றால், பேசுவதெல்லாம் அம்மாக்கள்தான். அதுவும் சுற்றிச் சுற்றி மார்க்கிலும் போனிலும் வந்து நிற்கிறது. போன வாரம் ஒரு பெண் மாதவிடாய் வலி பற்றி ஆரம்பித்தாள். "இதெல்லாம் இங்கேயா?" என்று அவள் அம்மா தொடையில் கிள்ளினார். அதோடு சரி, மற்ற பிள்ளைகளும் பாய் நுனியைப் பிய்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

பெயர் எழுதாமல் சீட்டுப் போடச் சொன்னோம். கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள், அம்மாக்களா கொக்கா! இங்கே பேசியதை வீட்டில் இழுக்கக் கூடாது என்று விதி வைத்தோம். வீட்டுக்குப் போனதும் விசாரணை நடக்கிறது. தனியாக உட்கார வைத்தால் பிள்ளைகள் கலகலவென்று பேசுகிறார்கள். அப்புறம் சேர்த்து உட்கார வைத்ததும் பழைய கதைதான். ஆலோசகர் ஒருவரை அழைத்தோம், வகுப்பு மாதிரி ஆகிவிட்டது. பெரிய பிரச்சினை என்றால் கூப்பிட 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறோம். எனக்கு வேண்டியது சாதாரணப் பேச்சு.

இப்படி வட்டம் நடத்தியவர்கள் சொல்லுங்கள்: அம்மா பக்கத்தில் இருக்கும்போதே மகள் பயமில்லாமல் பேச, முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்தீர்கள்?