பேஞ்சோ போல்ட்டுக்கு என்ன சொல்?

வணக்கம்.

மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களின் எஸ்.யூ. நிறுவன பெட்ரோல் மின்பம்புக்கான பழுதுநீக்கக் குறிப்பில் 'பேஞ்சோ போல்ட்' வருகிறது. நடுவிலும் பக்கத்திலும் துளையிட்ட போல்ட் இது. குழாய் முனையிலுள்ள வளையத்துக்குள் நுழைந்து பம்பில் மரையேறும். பெட்ரோல் அதன் வயிற்றின் வழியாகவே போகும். 'வளைய மரையாணி' சரிவருமா?

*

> 'வளைய மரையாணி' சரிவருமா?

வேண்டாம் ஐயா. பெயரில் மரை இருந்தால், கசிவை அடைப்பதே மரைதான் என்று நினைத்து டெஃப்லான் டேப் சுற்றிவிடுவார்கள். மரைக்கு இங்கே இறுக்கிப் பிடிக்கும் வேலை மட்டும்தான். அடைப்பவை வளையத்தின் இரு முகங்களிலும் உட்காரும் இரண்டு ஃபைபர் வாஷர்கள். டேப்பால் கசிவு நிற்காது. பிய்ந்த துணுக்கு, கார்புரேட்டர் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வில் சிக்கினால் அங்கேயும் பெட்ரோல் வழியும்.

போல்ட் 'புழைத்திருகாணி', குழாய் முனை 'கண்முனை', வாஷர் 'அடைவளையம்' என்று பிரிக்கலாம். எழுதிப் பார்த்தேன்:

"பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றவும். புழைத்திருகாணியை எடுத்ததும் பழைய அடைவளையங்கள் இரண்டையும் எறியவும். நசுங்கி இறுகியவை மறுபடி படியா. ஒன்று பம்பின் முகத்தோடு ஒட்டி நிற்கும். அதைப் பாராமல் மேலே புதியதைப் போட்டால் கசியும். கண்முனையின் முகங்களைக் கண்ணாடிமேல் விரித்த 600 எண் உப்புத்தாளில் மெல்லத் தேய்க்கவும். முகம் முழுதும் ஒரே சாம்பல் நிறமாக வரவேண்டும். குறுக்கே கறுத்த கீறல் தங்கினால் அதுதான் கசியும் வழி. இறுக்கும்போது கண்முனையை அசையாமல் பிடிக்கவும், இல்லையேல் குழாய் முறுக்கிக்கொள்ளும். பம்பின் உடல் அலுமினிய வார்ப்பு, முரட்டுத்தனமாக இறுக்கினால் மரை போய்விடும்."

*

புழைத்திருகாணி நன்று. கண்முனை என்றால் கண்ணோரம் அல்லவா நினைவுக்கு வருகிறது! பேஞ்சோ என்ற மேல்நாட்டுத் தந்தி வாத்தியம்போல் வட்டமும் கழுத்துமாக இருப்பதால் வந்த பெயர் இது. இந்தியாவில் அப்பெயரில் பலர் அறிந்த புல்புல்தாராவோ நீளப்பெட்டி. வட்டமும் காம்பும் உள்ளது நம் அகப்பை. 'அகப்பைமுனை' என்போமே.

'கசிவு' ஒன்றே போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். கார்புரேட்டருக்குப் போகும் பக்கம் தளர்ந்தால் பெட்ரோல் சொட்டும். டாங்கிலிருந்து உறிஞ்சும் பக்கம் தளர்ந்தாலோ, பம்பு ஓடும்போது ஒரு சொட்டும் விழாமல் காற்று உள்ளே போகும். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால், கார்புரேட்டர் நிரம்பியதும் பம்பின் டக்டக் அடங்க வேண்டும். அடங்கவில்லையென்றால், கார்புரேட்டர் பக்கக் குழாயின் முனையைக் கழற்றி ஜாடிப் பெட்ரோலுக்குள் அமிழ்த்திப் பார்க்கலாம் (அருகே தீப்பொறி கூடாது). குமிழிகள் இடைவிடாமல் வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று புகுகிறது. இதற்குக் 'காற்றுப்புகல்', சொட்டுவதற்கு 'ஒழுக்கு'.

*

அகப்பைமுனை, காற்றுப்புகல் இரண்டும் சரி. அடைவளையத்துக்கு முன்னால் 'ஃபைபர்' என்றும் சேர்த்துவிடுகிறேன். இல்லாவிட்டால் கையில் கிடைத்த செப்பு வாஷரைப் போட்டு அலுமினிய முகத்தைக் கெடுத்துவிடுவார்கள்.